எல்லைக்கல்லும் செயற்கைக்கோளும்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பாசார் பக்கம் பசியாறிக்கொண்டிருந்தபோது நீ கேட்டதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். உன் கூட்டாளிகளும் படிப்பார்கள் அல்லவா. "மாமா, விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாதென்று 1967-லேயே கையெழுத்துப் போட்டாச்சு என்று படித்தேன். அப்புறம் எப்படிச் சீனாவும் இந்தியாவும் ரஷ்யாவும் ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைத்தார்கள்? ஒருத்தரும் தட்டிக் கேட்கவில்லையா? அடுத்த சண்டை அங்கேதான் வருமா?" ரொட்டி சானாய் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

முதலில் அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். விண்வெளி ஒப்பந்தத்தை 1967 ஜனவரி 27-ஆம் நாள் வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று நகரத்திலும் ஒரே நாளில் கையெழுத்துக்கு வைத்தார்கள். அக்டோபர் 10-இல் நடப்புக்கு வந்தது. மலேசியாவும் அந்த ஆண்டிலேயே கையெழுத்திட்டது. ஆயுதத்தைப் பற்றிப் பேசுவது அதன் நான்காவது விதி. அந்த விதியில் இரண்டு பகுதி இருக்கிறது. பலரும் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். நிலவிலும் மற்றக் கோள்களிலும் இராணுவத் தளம் அமைக்கக் கூடாது, ஆயுதச் சோதனை கூடாது, போர்ப் பயிற்சி கூடாது. அங்கே எல்லாம் அமைதிக்கு மட்டுமே. இது ஒரு பகுதி, கறாரானது. ஆனால் பூமியைச் சுற்றியுள்ள பாதைகளுக்கு வரும்போது விதி அவ்வளவு கறாராக இல்லை. அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதத்தையும் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. சாதாரண வெடியோ பீரங்கியோ வைத்தால் இந்த விதி தடுக்காது. சோவியத் ஒன்றியம் 1974-இல் ஏவிய சல்யூட்-3 நிலையத்தில் உண்மையாகவே ஒரு பீரங்கி பொருத்தியிருந்தது. தரையிலிருந்து ஏவுகணை விட்டுத் தன் செயற்கைக்கோளை (இனிச் சுருக்கமாகக் கோள் என்றே சொல்கிறேன்) தானே உடைத்தாலும் நான்காவது விதி வாய் திறக்காது. ஒரு கண்டத்திலிருந்து புறப்பட்டு விண்வெளி வழியாகப் போய் இன்னொரு கண்டத்தில் விழுகிற அணு ஏவுகணைக்குக்கூடத் தடையில்லை. அது அங்கே வைக்கப்படவில்லை, அந்த வழியாகக் கடந்து போகிறது என்பதுதான் கணக்கு.

அதனால் கோளை உடைத்தவர்கள் நீ நினைக்கிறபடி அந்த ஆயுத விதியை மீறவில்லை. மற்ற நாடுகளின் நலனை மதித்து நடக்க வேண்டும், பாதிப்பு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று ஒன்பதாவது விதி சொல்வது உண்மை. அதைக் காட்டிக் கண்டிக்கலாம். ஆனால் அதன்படி யாரும் யாரையும் கூண்டில் ஏற்றியதில்லை.

சட்டம் இவ்வளவு தளர்வாக இருந்தும் அறுபது ஆண்டுக்கு மேலாக அங்கே குண்டு மழை பொழியாமல் இருப்பது எப்படி? என் கணிப்பு இது: தாங்களே பட்ட சூடுதான் அவர்களை அடக்கியது. காகிதம் அதற்குப் பின்னால் வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்தக் கதைதான். முதல் சூடு எப்படிப் பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1962 ஜூலை 9. பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்தது. சோதனையின் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். 1.4 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அந்தத் தீவிலிருந்து ஹவாய் சுமார் 1,400 கிலோமீட்டர். நம் சிப்புட்டிலிருந்து கூச்சிங் போகிற தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தொலைவில், ஹோனலூலு தெருக்களில் விளக்குகள் வரிசையாக அணைந்தன. வெடித்த இடத்திலிருந்து பாய்ந்த மின்காந்த அலை அங்கே கம்பிகளில் மின்னோட்டத்தைக் கிளப்பிவிட்டது. வானம் சிவந்து ஒளிர்ந்ததை மக்கள் நின்று பார்த்தார்கள்.

அது அன்றிரவோடு போயிருந்தால் பரவாயில்லை. வெடியிலிருந்து கிளம்பிய எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப் புலத்தில் மாட்டிக்கொண்டு, செயற்கையான கதிர்வீச்சு வளையமாகச் சுற்ற ஆரம்பித்தன. அந்த வளையத்துக்குள் நுழைந்த கோள்கள் ஒவ்வொன்றாக நோய் கண்டன. மறுநாள் ஜூலை 10-இல் அமெரிக்காவே ஏவிய டெல்ஸ்டார், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் தொலைக்காட்சிப் படத்தை நேரடியாக அனுப்பிய முதல் கோள், அதே ஆண்டு முடிவதற்குள் தடுமாறி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அடங்கிப் போனது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 அமெரிக்க ராக்கெட்டில்தான் அந்த ஏப்ரலில் மேலே போயிருந்தது. அதன் சூரியத் தகடுகளையும் அந்தக் கதிர்வீச்சு கெடுத்தது. குண்டு வெடித்தவனும் அடிபட்டான், அவனோடு கைகோத்திருந்தவனும் அடிபட்டான். சோவியத்தும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணை வைத்ததால் வந்த நெருக்கடியில் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், கஜகஸ்தானுக்கு மேலே இதே மாதிரி வெடித்துப் பார்த்தது.

இதற்கப்புறம் காரியங்கள் எவ்வளவு விரைவாக நடந்தன என்று பார். 1963 ஆகஸ்ட் 5-இல் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம்: காற்றுவெளியிலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் இனி அணுச்சோதனை இல்லை. அக்டோபர் 17-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம்: பேரழிவு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைக்காதீர்கள். நான்கு ஆண்டு கழித்து அதே வாசகம்தான் 1967 ஒப்பந்தத்தின் நான்காவது விதியில் போய் உட்கார்ந்தது.

இரண்டாவது காரணம் கண். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பெரிய பீதி: சோவியத்திடம் நம்மைவிட எத்தனையோ மடங்கு ஏவுகணை இருக்கிறது என்று. போய்ப் பார்க்க வழியில்லை. யு-2 உளவு விமானம் 1960 மே முதல் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த ஆகஸ்ட்டில் கொரோனா என்ற உளவுக்கோள் படம் பிடித்து, ஃபிலிம் சுருளை ஒரு குடுவையில் போட்டுப் பாராசூட்டில் இறக்கியது. அதை நடுவானில் விமானத்தால் கொக்கி போட்டுப் பிடித்தார்கள். அதுவரை யு-2 விமானங்கள் எல்லாம் சேர்ந்து படம் பிடித்த சோவியத் நிலப்பரப்பைவிட அந்த ஒரே சுருளில் இருந்தது அதிகம். அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது, சோவியத்திடம் இருந்த நீண்ட தூர ஏவுகணைகள் மிகச் சிலவே என்று. பீதியில் கூட்டிக்கொண்டே போன கணக்கு சரிந்தது. எதிரியின் முற்றத்தை இரண்டு பேருமே பார்க்க முடிந்ததால்தான் 1972-இல் ஏவுகணைகளுக்கு வரம்பு வைக்க முடிந்தது. அந்த உடன்படிக்கைகளில் ஒரு வாசகம் இருக்கிறது: சரிபார்க்க உதவும் அடுத்தவரின் தொழில்நுட்பச் சாதனங்களில் குறுக்கிடக் கூடாது. பச்சையாகச் சொன்னால், என் உளவுக்கோளை நீ தொடாதே, உன்னுடையதை நான் தொடமாட்டேன். உளவு என்றால் நமக்குக் கெட்ட சொல்லாகப் படுகிறது. அணு ஆயுதக் காலத்தில் பலரைக் காப்பாற்றியது அந்த உளவுதான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இதெல்லாம் பெரிய நாட்டுக் கதை, நமக்கென்ன என்று உன் அப்பா அன்று கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1999-இல் நான் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளாக இருந்தேன். பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போகிற தோட்டங்களை அளந்து படம் போடுகிற வேலை. சங்கிலியும் நாடாவும் போதாதென்று அவர் கைக்கடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கியிருந்தார். ஆற்றோரம் பாசி படிந்த எல்லைக்கல் ஒன்று உண்டு, வெள்ளைக்காரத் துரை காலத்துக் கல். அதன் தலையில் கருவியை வைத்து எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எண் வேறு. கல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த தோட்டத்துக்குள் நிற்பதாகக் காட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கம் போய்விடும். "கல்லுக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று மண்டோர் கேட்பார்.

கருவியில் கோளாறில்லை. ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்துக்குச் சொந்தம். எதிரி அதைப் பயன்படுத்திக் குறிபார்த்துவிடக் கூடாதென்று பொதுமக்களுக்கு வருகிற சமிக்ஞையை வேண்டுமென்றே கலக்கிவிட்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை பிழை வரும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற கோளைப் பற்றி எவரோ எடுத்த முடிவால் எங்கள் கல் ஊர் சுற்றியது. 2000 மே 2, செவ்வாய்க்கிழமை, தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு, நமக்குப் பகல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் அந்தக் கலக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. மத்தியானச் சோறு தின்றுவிட்டு வந்து கருவியைக் கல்லில் வைத்தேன். எண் ஓரிடத்தில் நின்றது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஆடியது, அவ்வளவுதான். கல் தன் இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. 2007-இல் ஒருபடி மேலே போய், இனிச் செய்யப்போகிற புதிய கோள்களில் அந்தக் கலக்குகிற வசதியே இருக்காது என்று அறிவித்தார்கள். இராணுவம் தன் கையிலிருந்த ஒரு பிடியைத் தானாக விட்டது. விண்வெளியில் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாசிக்கல்தான் நினைவுக்கு வரும்.

சரி, கோளை உடைத்த கதைக்கு வருகிறேன். 1985 செப்டம்பர் 13-இல் அமெரிக்கா ஓர் எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டுத் தன் சோல்விண்ட் கோளை உடைத்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றமே அத்தகைய சோதனைக்குத் தடை போட்டது. சோவியத் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தன் சோதனைகளை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தது. அடுத்த 21 ஆண்டுக்கு மேல் யாரும் இப்படி ஏவுகணை விட்டுக் கோளை உடைக்கவில்லை. அந்த மௌனத்தை 2007 ஜனவரி 11-இல் சீனா கலைத்தது. ஃபெங்யூன்-1சி என்ற தன் பழைய வானிலைக் கோளைச் சுமார் 865 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள், அதுவும் தரையிலிருந்து கண்காணிக்கும் அளவுக்குப் பெரியவை மட்டும். ஒரு செம்பனைப் பழம் அளவுள்ள உலோகத் துணுக்கைத் தொடர்ந்து கண்காணிப்பது கடினம். ஆனால் நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் ஒரு கோளை உருக்குலைக்க அது போதும்.

இங்கே உயரம்தான் எல்லாமே, தம்பி. புகைமூட்டம் உனக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்களே. சுமத்திராவில் வைத்த நெருப்புக்கு இங்கே நம் குழந்தைகள் இருமினார்கள். கோள் துணுக்கும் அப்படித்தான், வைத்தவன் வேலிக்குள் நிற்காது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: நம் புகை நல்ல மழை பெய்தால் கரைந்துவிடும். 300 கிலோமீட்டரில் மெல்லிய காற்று கொஞ்சம் உண்டு, அதில் உரசி உரசித் துணுக்குகள் சில வாரத்திலோ மாதத்திலோ கீழே விழுந்து எரிந்துவிடும். 865 கிலோமீட்டரில் அந்தக் காற்றும் இல்லாத மாதிரிதான். பல பத்தாண்டுகள் சுற்றும்.

இன்னொன்றும் கேள். போர்னியோவிலும் சுமத்திராவிலும் எந்தக் காட்டில் நெருப்பு எரிகிறது என்று காட்டுகிற அந்தச் சிவப்புப் புள்ளி வரைபடங்கள் எங்கிருந்து வருகின்றன? சுவோமி என்பிபி மாதிரிக் கோள்கள் 824 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வெப்பத்தைப் படம் பிடிப்பதால் வருகின்றன. சீனா குப்பையைக் கொட்டிய அடுக்கும் வானிலைக் கோள்கள் சுற்றுகிற அடுக்கும் ஏறத்தாழ ஒன்று. நம் வீட்டுக் கூரையில் வானத்தை அண்ணாந்து பார்க்கிற தட்டுக்குப் படம் அனுப்பும் மியாசாட் கோள் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது, அதை இந்தக் குப்பை தொடாது. ஜிபிஎஸ்ஸையும் தொடாது. ஆனால் புகையைக் காட்டிக்கொடுக்கிற கண்ணுக்கு ஆபத்து உண்டு. நம் ஊருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

2019 மார்ச் 27-இல் இந்தியா உடைத்தபோது நம் ஊர்க் கடைகளில்கூடச் சிலர் பெருமையாகப் பேசினார்கள். எனக்கும் அந்த இஸ்ரோ பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இது வேறு. சீனாவைப் போல் செய்யாமல் 280 கிலோமீட்டர் அளவில், தாழ்வான உயரத்தில் அடித்தார்கள், அது பொறுப்பு. 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்றார்கள், அது நடக்கவில்லை. மோதலின் வேகத்தில் சில துணுக்குகள் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கும் மேலே எகிறின, ஓராண்டுக்கு மேல் சுற்றியவையும் உண்டு. தாழ்வாக அடித்தால் தூசி பறக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2021 நவம்பர் 15-இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது. ரஷ்யா தன் காஸ்மாஸ் 1408 கோளை உடைத்தது, 1,500-க்கும் மேற்பட்ட துணுக்குகள். அன்று விண்வெளி நிலையத்தில் ஏழு பேர்: நான்கு அமெரிக்கர், ஒரு ஜெர்மானியர், இரண்டு ரஷ்யர். அவசரமாக எழுப்பி, அவரவர் திரும்பிப் போகவேண்டிய கலங்களுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள், நிலையம் ஓட்டையானால் அப்படியே தப்பி இறங்குவதற்கு. தன் நாட்டு இராணுவம் தெறிக்கவிட்ட துணுக்குக்குப் பயந்து அந்த இரண்டு ரஷ்யர்களும் கலத்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டிக் கேட்கவில்லையா என்றாயே, கேட்டார்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்கா, இனி இப்படி ஏவுகணை விட்டுக் கோளை உடைத்துச் சோதிக்கமாட்டேன் என்று தானாக அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துகொண்டன. அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதே கருத்துள்ள தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு, 9 நடுநிலை. எதிர்த்தவர்களில் ரஷ்யாவும் சீனாவும் உண்டு, இந்தியா நடுநிலை. ரஷ்யாவும் சீனாவும் தங்கள் பங்குக்கு 2008-லேயே ஒரு வரைவு கொடுத்திருக்கின்றன: விண்வெளியில் எந்த ஆயுதமும் வைக்கக் கூடாது என்று. அதில் தரையிலிருந்து விடுகிற ஏவுகணைக்குத் தடையில்லை, சரிபார்க்கவும் வழியில்லை என்பது அமெரிக்காவின் பதில். இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவனிடம் இருப்பதைத் தடை செய்யவே இரண்டு பக்கமும் முந்துகிறது என்பதும் உண்மை.

என்னைத் தூங்கவிடாதது 2024. விண்வெளியில் வைக்கும்படியான, கோள்களைத் தாக்கும் அணு ஆயுதம் ஒன்றை ரஷ்யா உருவாக்குகிறது என்று அமெரிக்கா சொன்னது, ரஷ்யா மறுத்தது. 1967 ஒப்பந்தத்தை அப்படியே உறுதிப்படுத்துகிற தீர்மானத்தை அமெரிக்காவும் ஜப்பானும் ஏப்ரல் 24-இல் பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுவந்தன. 13 நாடுகள் ஆதரவு, சீனா நடுநிலை, ரஷ்யா வீட்டோ. அந்த ஆயுதம் உண்மையோ பொய்யோ, பழைய வாக்கை இன்னொரு முறை சொல்லக்கூட ஒரு பெரிய நாடு மறுத்தது. 1962-இல் சில கோள்களே மேலே இருந்தன. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அடுத்த சண்டை அங்கேதானா என்ற கேள்விக்கு: எதையும் உடைக்காமல் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே நாள், உக்ரைனுக்கு இணையம் கொடுத்துவந்த வியாசாட் கோளின் தரைக் கருவிகளைக் கணினி வழியாக ஊடுருவி முடக்கினார்கள். கோள் மேலே நன்றாகத்தான் இருந்தது. ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் 5,800 காற்றாலைகள் அதே சேவையை நம்பியிருந்ததால் அவற்றைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. சமிக்ஞையைத் தடுப்பது, கலக்குவது, ஊடுருவுவது: இவற்றால் துணுக்கு பறக்காது, செய்தவனுக்குச் சூடும் படாது. அதனால்தான் இவை பெருகும் என்று பயப்படுகிறேன். உன் அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கிற டிரோன், சமிக்ஞை கலங்கினால் என்ன செய்யும் என்று அவனிடமே கேட்டுப் பார்.

உன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. அந்த எல்லைக்கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, இப்போது சுற்றிலும் செம்பனை. கைப்பேசியைக் கல்லின் மேல் வைத்து, எந்தெந்தக் கோளிலிருந்து சமிக்ஞை வருகிறது என்று காட்டும் செயலியைத் திறப்போம். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டோ, ஐரோப்பாவின் கலிலியோ என்று நான்கும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருக்கும். நான் பழைய நோட்டைக் கொண்டுவருகிறேன். எந்த நாட்டுக் கோள் எத்தனை என்று நீ எண்ணிச் சொல்லு, அதே பக்கத்தில் எழுதி வைப்போம்.